ஆவுடையப்பன் களை எடுத்த தோட்டம்

தென்காசிப் பக்கம் ஆனைமடையில் இசக்கியின் சலூனுக்குச் சனிக்கிழமை போனால், முடி வெட்ட அரைமணி, ஆவுடையப்பன் பேச்சைக் கேட்க ஒன்றரை மணி என்று கணக்கு வைத்துக்கொண்டுதான் போக வேண்டும். பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். தலையில் முடி கொஞ்சம்தான். ஆனால் வாரம் தவறாமல் வெட்ட வந்துவிடுவார்.

அன்றைக்கு நாற்காலியில் அவர். பெஞ்சில் நானும், டிரில் மாஸ்டராக இருந்த சாலமோன் சாரும். பேச்சு மாடத்தியின் தோட்டத்தைப் பற்றி வந்தது.

ஊர் எல்லையில் அவளுக்கு ஒன்றரை ஏக்கர் கத்தரித் தோட்டம். வெளியூர்க் காய் லாரியில் வந்து இறங்க ஆரம்பித்த பிறகு அவள் காயைக் கேட்பாரில்லை. பறித்ததை மாட்டுக்குப் போட்டாள். மனை போட்டு விற்கிற ஒருவர் வந்து நிலத்தைக் கேட்டதும் சரி என்று தலையாட்டிவிட்டாள். அப்புறம் கீழத்தெருவும் பள்ளிவாசல் தெருவும் சேர்ந்து, இனி அவள் காயைத்தான் வாங்குவது, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு ஒருவர் போய்த் தோட்ட வேலை செய்வது என்று முடிவெடுத்தார்கள். நிலம் தப்பியது. நாங்கள் இருவரும் மேலத்தெரு, உள்விவரம் தெரியாது. எப்படித் தப்பியது என்று சாலமோன் சார் கேட்டார். கேட்டிருக்கக் கூடாது.

"காப்பாத்தினது நான்தான். ஆனா திறமையால இல்ல. எனக்கு ஒரு வேலையும் தெரியாதுங்கதால," என்று ஆரம்பித்தார் ஆவுடையப்பன்.

"மொத ஞாயித்துக்கெழம ஆளுக்கு மூணு பாத்தி பிரிச்சுக் குடுத்தாங்க, களை எடுக்க. நான் ரெண்டு மணி நேரத்துல முடிச்சிட்டேன். மாடத்தி வந்து பாத்தா, பாத்தியில ஒரு கத்தரிச் செடி இல்ல. அம்புட்டையும் புடுங்கி வரப்புல அழகா அடுக்கி வச்சிருக்கேன். களை பூராவும் நிக்குது. எனக்கு ரெண்டும் ஒண்ணுபோலத்தான்வே தெரியும். கோப்பு எது, குப்பை எதுன்னு தெரியாமலே முப்பது வருசம் சர்வீஸ் ஓட்டினவன்லா.

"சரி, இவரு தண்ணி பாய்ச்சட்டும்னு மோட்டார் ரூமுக்கு அனுப்பினாங்க. சுவிட்சப் போட்டுட்டுக் கயித்துக் கட்டில்ல லேசாச் சாஞ்சேன். முழிச்சுப் பாத்தா கட்டிலு மிதக்குது. தோட்டம் தாண்டி, ஓடை தாண்டி, பக்கத்தூரு பஸ் ஸ்டாண்டுக்குள்ள போய் நிக்குது. கண்டக்டரு வந்து, எங்க ஏறினீருன்னு டிக்கெட் கேக்காரு."

சித்திரை மாதத்தில் மாடத்தி கிணற்றில் குடம் முக்கக்கூடத் தண்ணீர் கிடையாதே என்றார் சாலமோன் சார்.

"அதத்தான் சார் நானும் கண்டக்டருட்ட சொன்னேன். மனுசன் நம்பல.

"கடைசியில, நீரு எதையும் தொடாண்டாம், சும்மா நின்னு காக்கா விரட்டினாப் போதும்னுட்டாங்க. நின்னேன். மொத நாளு காக்கா கிட்ட வந்து பாத்துச்சு. ரெண்டாம் நாளு தோள்ல உக்காந்துச்சு. மூணாம் நாளு என் கோலத்தப் பாத்துப் பரிதாபப்பட்டு, எங்கிருந்தோ ஒரு வடையத் தூக்கிட்டு வந்து குடுத்துட்டுப் போச்சு."

இசக்கி கத்திரியை நிறுத்திவிட்டு, வடை சூடாக இருந்ததா என்று விசாரித்தான்.

"ஆறிப்போயிருந்துச்சு. பொய் சொல்லப்படாதுல்லா.

"அதுக்குள்ள நான் விட்டுவச்ச களை என்ன ஆச்சுன்னு கேளும். தன்னக் காப்பாத்தின மனுசன்னு எம்மேல விசுவாசம் அதுக்கு. தென்னை ஒசரத்துக்கு வளந்து போச்சு. மனைக்காரரு டேப்பப் புடிச்சிக்கிட்டு அளக்க உள்ள போனாரு. மூணு நாளா ஆளக் காணோம். நாலாம் நாளு நெஞ்சு வரைக்கும் தாடியோட வெளிய வந்து, உள்ள ஒரு மான் என்ட்ட மெயின்ரோட்டுக்கு வழி கேட்டுச்சு, இது தோட்டமில்ல, காடு, காட்டுல மனை போட முடியாதுன்னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டாரு. டேப்போட மறுமுனை இன்னும் வந்து சேரல."

சாலமோன் சார் கையிலிருந்த பேப்பரை மடித்து வைத்தார். களைதான் வளர்ந்தது என்றால் தெருக்காரர்கள் எந்தக் காயை வாங்கினார்கள் என்று கேட்டார்.

"நான் புடுங்காம கண்ணு தவறி விட்ட செடி ஒண்ணு இருந்துச்சு சார். அதுல ஒரே ஒரு காயி. காம்ப அறுக்க மரமில்லுல இருந்து ஆளு வந்துச்சு. ரெண்டு தெருவும் ஒரு மாசம் கொத்சு, பொரியலு, வத்தலுன்னு தின்னும் பாதி மிச்சம். அந்தப் பாதியக் கொடஞ்சு கவுத்துப் போட்டு, அதுக்குள்ளதான் இப்ப பால் சொசைட்டி நடக்கு."

"அது தகரக் கொட்டகைவே. நான் தெனமும் அங்கதான் பால் வாங்குதேன்," என்றார் சாலமோன் சார்.

"தகரத்துக்கு எதுக்கு ஊதா பெயிண்ட் அடிச்சிருக்காங்கன்னு நெனச்சீரு?"

கொட்டகைக்கு ஊதா நிறம்தான்.

அப்போதுதான் வாசலில் மாடத்தி நிற்பதைப் பார்த்தோம். இசக்கி வீட்டுக்குக் காய் கொண்டு வந்திருந்தாள். பையை இறக்கி வைத்துவிட்டு, கோபமும் இல்லாமல் சிரிப்பும் இல்லாமல் பேசினாள்.

"காடுமில்ல, மானுமில்ல. அண்ணாச்சி என் தோட்டத்துல ஒரு செடியையும் புடுங்கல. பத்திரத்துல நான் கையெழுத்துப் போட இருந்ததுக்கு மூணு நாளைக்கு முந்தி, ரெண்டு தெருவுலயும் எழுபது வீடு ஏறி எறங்கினாரு. மாடத்திகிட்ட காய் வாங்குவீங்களா, வாங்குவீங்களான்னு ஒவ்வொரு வீட்டுலயும் கெஞ்சினாரு. ரெண்டு வீட்டுல மொதல்ல நாய அவுத்து விட்டாங்க. நான் கையெழுத்துப் போட நல்ல சேலை கட்டிக் கெளம்புன அன்னைக்குக் காலையில, வாசல்ல எழுபது பேரு பையோட நின்னாங்க. உள்ள போயி சேலையை மாத்திட்டுத் தோட்டத்துக்குப் போயிட்டேன். அவ்வளவுதான் நடந்தது."

ஆவுடையப்பன் கண்ணாடியைப் பார்க்காமல் குனிந்துகொண்டார். காது மடல் சிவந்திருந்தது. சீக்கிரம் வெட்டி முடி என்று இசக்கியிடம் முணுமுணுத்தார்.

சாலமோன் சார் அவரை உச்சி முதல் கால்வரை ஒருதரம் பார்த்தார். பிறகு மாடத்தியின் பக்கம் திரும்பினார்.

"இவரு எழுபது வீடு நடந்தாராக்கும்? புளுகுததுக்கும் ஒரு அளவு வேணும் மாடத்தி."