இறங்கிய முள்

கடலோர மடம் ஒன்றில் பூதலிங்கம் என்றொரு சீடர் இருந்தார். கல்லூரியில் இயற்பியல் நடத்தியவர். துறவு பூண்டு வந்தபோது காற்றழுத்தமானியை மட்டும் விட மனமில்லாமல் கொண்டுவந்து கூடத்துச் சுவரில் மாட்டியிருந்தார்.

ஐப்பசியில் ஒருநாள் காலையிலிருந்தே அதன் முள் இறங்கிக்கொண்டிருந்தது. பூதலிங்கத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்காருவார்; எழுந்து போய்க் கண்ணாடியைத் தட்டிப் பார்ப்பார்; வாசலுக்குப் போய் வானத்தைப் பார்ப்பார்.

"என்ன சொல்லுது?" என்றார் மடத்துத் தலைவரான தம்பிரான்.

"கடல் சூடேறியிருக்கு சாமி. நீராவி மேலே போகப் போகக் கீழே அழுத்தம் குறையுது. அந்தக் குறையை நிரப்பத்தான் சுத்துப்பட்டுக் காத்தெல்லாம் சுழன்று ஓடி வரும்."

"புயல் இங்கேயா வரும்?"

"அதுதான் இன்னும் தெளிவாத் தெரியலை."

மீனவக் குப்பத்து அஞ்சம்மாள் இடுப்பில் பிள்ளையோடு வந்து நின்றாள். பூதலிங்கத்தைப் பார்த்துக் கேட்டாள்:

"கெளம்பணுமா, இருக்கலாமா? நீங்க சொல்லுவீங்கன்னு குப்பமே காத்துக் கெடக்கு."

"கொஞ்சம் பொறும்மா. முள் நிக்கட்டும்."

தப்பாகச் சொல்லிவிட்டால் நாளைக்கு யார் மதிப்பார்கள்? அவர் மறுபடி கண்ணாடியைத் தட்டினார்.

தம்பிரான் எழுந்தார். காற்றழுத்தமானியைச் சுவரிலிருந்து கழற்றிப் பூதலிங்கத்தின் கையில் கொடுத்தார். அஞ்சம்மாளின் பிள்ளையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

"மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போறோம். எல்லாரையும் வரச் சொல்லும்மா." பிறகு சீடரிடம், "நீ நடந்துக்கிட்டே பாரு" என்றார்.

குப்பம் அவர்கள் பின்னால் நடந்தது.

மழை கொட்டியது, புயல் வரவில்லை. விடிந்ததும் ஜனங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு முணுமுணுத்தபடி வீடு திரும்பினார்கள். ஒருவன் பூதலிங்கத்தின் காதுபடவே சிரித்தான். அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. மடத்துக்குள் போகவும் பிடிக்கவில்லை. கடற்கரைக்கும் கடைத்தெருவுக்குமாக அலைந்தார்.

மதியம் டீக்கடை வானொலியில் செய்தி கேட்டவர், ஓட்டமும் நடையுமாக மடத்துக்கு வந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"சாமி, முள் பொய் சொல்லலை. புயல் வடக்கே திரும்பிக் கரையைக் கடந்திருக்கு. நான் நினைச்ச அதே வேகம்."

"அங்கே ஜனங்க எப்படி இருக்காங்க?"

அதையும் செய்தியில் சொல்லியிருப்பார்கள். காற்றின் வேகத்தைக் கேட்டதுமே பூதலிங்கம் எழுந்து ஓடிவந்துவிட்டார்.

தம்பிரான் உள்ளே போய் அரிசி மூட்டையின் ஒரு முனையைப் பற்றினார்.

"அப்ப இன்னும் அளந்து முடியலை. அந்தப் பக்கம் பிடி, போய்ப் பாத்துட்டு வருவோம்."