கூட்டத்தை அடக்கும் பாடம்

பஞ்சவர்ணத்தின் ஆசிரியைக்கு அவளைவிடப் பன்னிரண்டு வயது குறைவு. இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை.

ஆசிரியை நிலோஃபர் சென்னையில் இருந்தார். வெள்ளம், புயல், நிலச்சரிவு என்று மீட்புக் குழுக்களோடு ஊர் ஊராக அலைந்தவர். இப்போது பேரிடர் மேலாண்மையை ஆன்லைனில் கற்றுக்கொடுத்தார். வேலைக்குப் போகிறவர்களுக்கான மாலை வகுப்பு. ஓசூரில் ஒரு நர்ஸ், கரூரில் ஒரு பேங்க் அதிகாரி, தூத்துக்குடியில் ஒரு கிரேன் சூப்பர்வைசர் என்று திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்களில் முகங்கள். அதில் ஒரு கட்டம் பஞ்சவர்ணம். திண்டுக்கல்லில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு மேனேஜர்.

அலுவலக அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பன்னீர்ச் செம்பில் போனைச் சாய்த்து வைத்துப் பாடம் கேட்பாள். நடுவில் யாராவது கதவைத் தட்டி, "அக்கா, மாப்பிள்ளை ரூம்ல தண்ணி வரலை" என்பார்கள். போய்ச் சரிசெய்துவிட்டு ஓடி வருவாள். விட்டுப்போனதை மறுநாள் பதிவில் கேட்பாள். நாற்பத்து நாலு வயதில் படிப்பு இத்தனை ருசிக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

படிக்க வந்ததற்குக் காரணம் இருந்தது. சில வருஷங்களுக்கு முன் வேறொரு ஊரில் ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தாள். அலங்கார விளக்கு ஒன்று படீரென்று வெடித்தது. யாரோ "தீ" என்று கத்தினார்கள். அவ்வளவுதான், கூட்டம் படிக்கட்டில் உருண்டது. தீ எங்கும் இல்லை. ஆனால் பஞ்சவர்ணத்தின் கை முறிந்தது. அவளுக்குப் பக்கத்தில் விழுந்த பெண் எழுந்திருக்கவே இல்லை.

அன்றிலிருந்து அடுப்பைப் பார்த்தோ மின்சாரத்தைப் பார்த்தோ அவள் பயந்ததில்லை. மண்டபம் நிறைந்தால்தான் பயம்.

ஒருநாள் வகுப்பில் கேட்டே விட்டாள்.

"மேடம், ஆபத்துன்னு வந்தா கூட்டத்தை எப்படி அடக்குறது?"

"நீங்க என்ன செய்வீங்க?"

"மைக்கை எடுப்பேன். யாரும் பயப்படாதீங்கன்னு முதல்ல சொல்லுவேன்."

"சரி" என்றார் நிலோஃபர். புயல் எச்சரிக்கைக் கூண்டுகளைப் பற்றிய பாடத்தைத் தொடர்ந்தார்.

கொஞ்ச நேரம் போயிருக்கும். பாதி வாக்கியத்தில் நிறுத்தினார். ஒரு பக்கமாகத் திரும்பிப் பார்த்தார். பிறகு கேமராவுக்கு அருகில் வந்து, அமைதியாகச் சொன்னார்.

"யாரும் பயப்படாதீங்க."

அப்புறம் பேசவில்லை.

திரையில் எல்லா முகங்களும் மாறின. நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். பேங்க் அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். கிரேன் சூப்பர்வைசர் தன் பின்னால் திரும்பிப் பார்த்தார். பஞ்சவர்ணம் போனைக் கையில் எடுத்துவிட்டாள்.

"மேடம், என்ன ஆச்சு?" என்று நாலைந்து குரல்கள் ஒன்றாகக் கேட்டன.

"ஒண்ணும் ஆகலை" என்றார் நிலோஃபர். "சார், நீங்க ஏன் எழுந்தீங்க?"

பேங்க் அதிகாரி அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். "தெரியலை மேடம். எங்கேயாவது போகணும்னு தோணுச்சு. எங்கேன்னு தெரியலை."

"உட்காருங்க" என்றார் நிலோஃபர். பாடம் தொடர்ந்தது.

பஞ்சவர்ணத்துக்குப் பதில் கிடைக்கவில்லை. அந்த வாரம் முழுக்க அவளுக்கு அதே நினைப்பு. காய்கறி லாரி வந்தாலும், நாற்காலி அடுக்கினாலும், பதிலைத் தொட்டுவிடப் போகிறோம் என்கிற பரபரப்பு உள்ளுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

ஆவணி முகூர்த்தம் ஒன்றில் அது நடந்தது.

காலை வேளை. மண்டபத்தில் ஏறக்குறைய எழுநூறு பேர். மேடையில் ஹோமம் எரிந்துகொண்டிருந்தது. ஐயர் மந்திரம் சொல்ல, தாலித் தட்டு சபையைச் சுற்றி ஆசீர்வாதத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. நாதஸ்வரக்காரர் கெட்டிமேளத்துக்குத் தயாராகச் சீவாளியை நனைத்துக்கொண்டிருந்தார்.

சமையல் மாஸ்டர் சுப்பையா பின்பக்கத்திலிருந்து ஓடி வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, சிலிண்டர் வாயில கசியுது. திருகித் திருகிப் பார்த்துட்டேன், நிக்க மாட்டேங்குது. புஸ்ஸுனு வந்துக்கிட்டே இருக்கு."

"அடுப்பு?"

"எல்லாத்தையும் அணைச்சாச்சு."

"உங்க ஆளுங்களைப் பின்வாசல் வழியா வெளியே கூட்டிட்டுப் போங்க. ஒரு சுவிட்சைக்கூட யாரும் தொடக் கூடாது. ரோட்டுக்குப் போய், அங்கே நின்னு தீயணைப்புக்குப் போன் போடுங்க."

சுப்பையா ஓடினார். பஞ்சவர்ணம் மேடையை நோக்கி ஓடினாள். புடவைக் கொசுவம் காலில் தட்டியது. அள்ளிச் செருகிக்கொண்டாள்.

ஐயரின் காதில் இரண்டே வார்த்தை சொன்னாள். அவர் கேள்வி கேட்கவில்லை. பக்கத்திலிருந்த தண்ணீர்க் குடத்தை எடுத்து ஹோமகுண்டத்தில் அப்படியே கவிழ்த்தார். குபுகுபுவென்று புகை எழுந்தது.

"என்ன காரியம் பண்றீங்க!" என்று பெண்ணின் அப்பா பதறிப்போய் வந்தார். "முகூர்த்தம் போயிரும்மா!"

ஐயருக்காக ஏற்கெனவே போட்டிருந்த மைக்கைப் பஞ்சவர்ணம் கையில் எடுத்திருந்தாள். எழுநூறு முகங்கள் அவளைப் பார்த்தன. 'யாரும் பயப்படாதீங்க' என்ற வார்த்தை நாக்கு நுனிவரைக்கும் வந்தது. திரையில் நாற்காலியை விட்டு எழுந்து நின்ற பேங்க் அதிகாரியின் முகம் கண்முன் வந்தது.

அவள் அதை விழுங்கினாள்.

"நான் மண்டப மேனேஜர் பஞ்சவர்ணம் பேசுறேன். சமையல்கட்டுல கேஸ் கசியுது. இன்னும் தீப் பிடிக்கலை. எல்லாரும் முன்வாசல் வழியா வெளியே போய், எதிர்ல இருக்கிற லாரி ஷெட்டுல நிக்கணும். வாசல் பெரிசு, எல்லாருக்கும் இடம் இருக்கு. நடந்தே போகலாம். பக்கத்துல வயசானவங்க, குழந்தைங்க இருந்தா ஒரு கை கொடுங்க."

சொல்லி முடித்ததும் பஞ்சவர்ணம் கண்ணை மூடிக்கொண்டாள். படிக்கட்டில் உருண்ட அந்தச் சத்தம் இதோ வரப்போகிறது என்று காத்திருந்தாள்.

கொலுசுச் சத்தம் கேட்டது.

கண்ணைத் திறந்தாள். மணப்பெண் எழுந்து நின்றிருந்தாள். மாலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் மாப்பிள்ளையை எழுப்பினாள்.

"யாராவது தாலித் தட்டைப் பத்திரமா எடுத்துட்டு வாங்க. அங்கே போய்க் கட்டிக்கிறோம். அப்பா, வாங்க."

அவள் மேடையை விட்டு இறங்கி நடந்தாள். கூட்டம் அசைந்தது.

"ஏய், நாற்காலியை ஓரமாத் தள்ளுங்கப்பா!" என்று எங்கிருந்தோ ஒரு குரல். இளவட்டங்கள் மளமளவென்று நாற்காலிகளை மடக்கினார்கள். நடுவில் அகலமாக வழி பிறந்தது. வீடியோக்காரர் கேமராவை இறக்கிவிட்டு, வாசல் கதவுகளை விரியத் திறந்து பிடித்துக்கொண்டார். நடக்க முடியாத ஒரு பெரியவரை நாற்காலியோடு நாலு பேர் தூக்கினார்கள். அவர் பல்லக்கில் போகிறவர் மாதிரி கையை ஆட்டிக்கொண்டே போனார். தூளியில் தூங்கிய பிள்ளையை யாரோ எடுத்தார்கள். பிள்ளையின் தாய் அவர்கள் பின்னாலேயே போனாள். முதல் பந்திக்குக் காத்திருந்தவர்கள் சாப்பாட்டுக் கூடத்திலிருந்து வரிசையாக வந்து சேர்ந்துகொண்டார்கள்.

ஒருவரும் ஓடவில்லை. ஒருவரும் விழவில்லை.

தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு வந்தபோது மண்டபம் காலியாக இருந்தது. எதிரே, டயர்களுக்கும் டீசல் டின்களுக்கும் நடுவே, ஐயர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சத்தமாகச் சொன்னார்.

"நேரம் இருக்கு! நேரம் இருக்கு! கெட்டிமேளம்!"

லாரி ஷெட்டின் தகரக் கூரை அதிர நாதஸ்வரம் முழங்கியது. அட்சதை விழுந்தது. மெக்கானிக்குகள் கிரீஸ் கையோடு கை தட்டினார்கள். பெண்ணின் அப்பா அழுதுகொண்டே சிரித்தார்.

தீயணைப்பு வீரர்கள் சிலிண்டரை வெளியே கொண்டுபோய்த் திறந்தவெளியில் வைத்தார்கள். ஜன்னல்களை எல்லாம் திறந்து காற்றோட விட்டார்கள். அதன் பிறகுதான் பஞ்சவர்ணத்துக்கு மூச்சு வந்தது. ஷெட்டுக்கு வெளியே போய் நிலோஃபருக்குப் போன் செய்தாள். வகுப்பு நேரம் இல்லை என்பதே அவளுக்குத் தோன்றவில்லை.

"மேடம், நான் பஞ்சவர்ணம்! எங்க மண்டபத்துல கேஸ் கசிஞ்சிருச்சு மேடம்!"

"எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

"ஒருத்தருக்குக் கீறல்கூட இல்லை மேடம்!"

எல்லாவற்றையும் கொட்டினாள். குடத்துத் தண்ணீரைக் கவிழ்த்தது, மைக்கில் பேசியது, பெண் எழுந்து நின்றது, நாற்காலியில் போன பெரியவர். முன்னும் பின்னுமாக வந்தது. பாதி சிரிப்பாக வந்தது.

"எழுநூறு பேர் மேடம்! எழுநூறு பேரையும் நான் வெளியே கொண்டு வந்துட்டேன்!"

"சந்தோஷம், பஞ்சவர்ணம்" என்றார் நிலோஃபர். அந்தக் குரலிலும் சிரிப்பு இருந்தது. "நீங்க எப்போ வெளியே வந்தீங்க?"

"நானா? கடைசியா மேடம். எல்லாரும் போயிட்டாங்களான்னு மேடையிலேயே நின்னேன். அப்புறம் போகணும்னு பார்த்தா, கால் நகர மாட்டேங்குது. மைக்கைக்கூட விட முடியலை. அப்போ ஒரு அம்மா வாசல்ல இருந்து திரும்பி வந்தாங்க. 'ஏத்தா, நீ இங்கேயே குடியிருக்கப் போறியா'ன்னு திட்டி, கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வந்துட்டாங்க."

"யாரு அவங்க?"

"தெரியலை மேடம். பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடான்னுகூட…"

பஞ்சவர்ணம் நிறுத்தினாள். ஷெட்டுக்குள் திரும்பிப் பார்த்தாள். மணமக்களைச் சுற்றிக் கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது.

"உங்களையும் சேர்த்து எழுநூத்தி ஒண்ணுன்னு சொல்லுங்க" என்றார் நிலோஃபர்.