மயில் வாத்தியார் வைத்த கொலு

ஒரு காட்டில், குழந்தைகளே, இலுப்பை மரத்தடியில் ஒரு தொடக்கப்பள்ளி இருந்தது. முதல் வகுப்புக்கு வாத்தியார் மயில். பாடம் நடத்துவதில் எப்படியோ, விழா நடத்துவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது.

நவராத்திரி வந்தது. வெள்ளிக்கிழமை சரஸ்வதி பூஜைக்கு யானை இன்ஸ்பெக்டர் வருகிறார் என்ற சேதியும் வந்தது. மயிலுக்குத் தலைகால் புரியவில்லை. இந்தத் தடவை தலைமையாசிரியர் பதவி தனக்கேதான் என்று முடிவே கட்டிவிட்டார்.

திங்கட்கிழமை காலையிலேயே பிள்ளைகளின் புத்தகங்களை எல்லாம் வாங்கி அடுக்கினார். சந்தனம் குங்குமம் வைத்துப் பட்டுத்துணியால் மூடினார்.

முயல் அம்மா பதறிக்கொண்டு ஓடி வந்தாள்.

"ஐயா, அடுத்த வாரம் என் பிள்ளை தனியாக இரை தேடப் போகிறான். எந்தப் பழத்தைத் தின்னலாம், எதைத் தொடவே கூடாது என்கிற பாடம் இந்த வாரம்தானே?"

"பூஜையில் வைத்த புத்தகத்தைத் தொடலாமா அம்மா? பாவம்!"

"பூஜை வெள்ளிக்கிழமைதானே? இன்றைக்குத் திங்கள் ஆச்சே!"

"ஊரார் ஒருநாள் வைப்பார்கள். நான் ஐந்து நாள் வைக்கிறேன். பக்தி என்றால் சும்மாவா?"

"சரி, வாயாலேயாவது சொல்லிக் கொடுங்களேன்."

"பாட்டுச் சொல்லிக் கொடுக்கவே வாய் போதவில்லை!" என்று மயில் தோகையைச் சிலுப்பிக்கொண்டு போய்விட்டார்.

அதற்கப்புறம் வகுப்பு அமர்க்களப்பட்டது. ஏழு படிக் கொலு எழுந்தது. அணில்குட்டி கோலாட்டம் ஆடி ஆடிக் கால் வீங்கிப் போனாள். பொம்மை போதவில்லை என்று ஆமைக்குட்டியையே மூன்றாம் படியில் உட்கார வைத்தார் வாத்தியார். பாவம், அது இரண்டு தரம் உருண்டு விழுந்தது.

"சார், பழப் பாடம்?" என்று முயல்குட்டி தினமும் கேட்டான்.

"நாளைக்கு."

"நேற்றும் இதைத்தானே சொன்னீங்க சார்?"

"வாயாடி! போய்க் கோலம் போடு."

வியாழக்கிழமை சாயங்காலம் ஓர் உத்தரவு போட்டார். "நாளைக்குப் படையலுக்கு ஆளுக்கொரு பழம் கொண்டு வாங்க. பார்த்ததும் இன்ஸ்பெக்டர் சொக்கிப் போகணும். நிறம்தான் முக்கியம்!"

பிள்ளைகள் அப்படியே செய்தார்கள். மறுநாள் படையல் தட்டு பொன்னாக மின்னியது. மயில் தட்டைக் குனிந்து பார்த்தார். அத்தனையும் எட்டிப்பழம்! தின்றால் உயிருக்கே உலை. எடுத்து ஒளிக்கலாம் என்றால் இன்ஸ்பெக்டர் வாசலில் வந்து நிற்கிறார்.

கோலாட்டம் பார்த்து யானை "பலே!" என்றார். கொலுவைப் பார்த்து "பலே பலே!" என்றார். தலைமையாசிரியருக்குப் போடக் கொண்டுவந்த மாலையைத் தும்பிக்கையில் ஏந்திக்கொண்டு, "பிரசாதம் கொடுங்க வாத்தியாரே. முதலில் நீங்க எடுத்துக்குங்க," என்றார்.

"நான்... விரதம் ஐயா."

"காலையில் ரெண்டு தொன்னை சுண்டல் சாப்பிட்டீங்களே சார்!" என்றாள் அணில்குட்டி.

யானை சிரித்துவிட்டார். "சரி, பிள்ளைகள் எடுத்துக்கட்டும்."

முயல்குட்டி இருப்பதிலேயே பெரிய பழத்தை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனான். மயில் மாலையைப் பார்த்தார். பிள்ளையின் வாயைப் பார்த்தார். சொன்னால் பதவி போய்விடும். அட, அந்த நேரத்திலும் யோசித்தாரே, அவரெல்லாம் ஒரு வாத்தியாரா? பல் பழத்தில் பட்ட பிறகுதான் கத்தினார்.

"தின்னாதே! எட்டிப்பழம்!"

முயல்குட்டி தூ தூ என்று துப்பினான். ஓடிப்போய்ச் சுனைநீரில் வாய் கொப்பளித்து வந்தான். நல்லவேளை, ஒரு துளிகூட உள்ளே போகவில்லை.

யானையின் காதுகள் ஆடாமல் நின்றன. "இது எட்டி என்று பிள்ளைகளுக்குத் தெரியாதா?"

"தெரியாது ஐயா," என்றாள் அணில்குட்டி பெருமையாக. "ஆனால் ஆறு தினுசுக் கோலாட்டம் தெரியும்!"

யானை மாலையைக் கீழே வைத்தார். மயிலைத் தும்பிக்கையால் தூக்கிக் கொலுவின் மேல்படியில் நிறுத்தினார்.

"பார்க்க லட்சணமாக இருக்கிறீர். இங்கேயே இரும். ஆடக்கூடாது, அசையக்கூடாது."

பிறகு பட்டுத்துணியை விலக்கிப் புத்தகத்தை எடுத்தார்.

"பூஜை அன்றைக்குப் படிக்கலாமா ஐயா?" என்று கேட்டான் முயல்குட்டி.

"உயிர் காக்கிற பாடத்துக்கு நாளும் கிழமையும் கிடையாது. உட்காருடா தங்கம்."

சாயங்காலம் கொலு பார்க்கக் காடே திரண்டு வந்தது. முயல் அம்மா மேல்படியை அண்ணாந்து பார்த்துக் கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள்.

"அடேயப்பா! அந்த மயில் பொம்மையைப் பாருங்களேன், அசல் வாத்தியார் மாதிரியே இருக்கு!"

நீதி: புத்தகத்துக்குப் பொட்டு வைத்தால் மட்டும் அறிவு வராது, அதைத் திறக்கவும் வேண்டும்.