பக்கத்துக் குடுவை

சுடலைமணியின் குடுவை மறுபடியும் பீட்ரூட் நிறத்துக்குப் போய்விட்டது.

"மணி, ஜூஸ் ரெடியா? ஐஸ் போட்டா, போடாமலா?" என்று பின்னாலிருந்து ஒருத்தன் கேட்டான். லேபே சிரித்தது.

பெரிய வித்தை ஒன்றுமில்லை. குடுவையில் அமிலம். அதில் ரெண்டு சொட்டு இன்டிகேட்டர். மேலே நிற்கும் பியூரெட் என்ற கண்ணாடிக் குழாயிலிருந்து காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே குடுவையை ஆட்ட வேண்டும். லேசாக ரோஸ் தட்டியதும் குழாயின் திருகை மூட வேண்டும். கொஞ்சம் கூடினால் நிறம் அடர்ந்துவிடும், அப்புறம் கொட்ட வேண்டியதுதான். பிளஸ் டூவில் மணி இதைத் தூக்கத்தில்கூடச் செய்வான்.

பக்கத்து இடம் ஜெரோமுடையது. திருச்சிப் பையன், ஹாஸ்டலில் மணியின் அறையிலேயே இருப்பவன். அவன் குடுவையில் ரோஸ் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வருகிற அளவுக்கு லேசான நிறம். மெஹருன்னிசா மேடம் அதை ஒரு வெள்ளைத் தாளின் மேல் வைத்தார்.

"இதுதான். எல்லாரும் வந்து பாத்துட்டுப் போங்க."

மணியும் போய்ப் பார்த்தான். முழங்கையால் தட்டிவிட்டால் என்ன என்று தோன்றியது. பொறாமைதான். அதற்கு வேறு நல்ல பெயர் கிடையாது.

காலேஜில் சேர்ந்த நாளிலிருந்தே இப்படித்தான். ஜெரோம் எழுந்து நின்று இங்கிலீஷில் சந்தேகம் கேட்டான். ஜெரோம் மெஸ் அண்ணனிடம் பேசி ரெண்டாவது ஆம்லெட் வாங்கினான். முதல் லேபில் மணி இன்டிகேட்டரை 'நிறங்காட்டி' என்று பள்ளிக்கூடத் தமிழில் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள், ஜெரோம் மட்டும் சிரிக்கவில்லை. மணிக்கு அதுதான் ரொம்ப எரிந்தது. அவனும் சிரித்திருந்தால் வெறுப்பதாவது சுலபமாக இருந்திருக்கும்.

லேப் முடிந்து எல்லோரும் சாப்பிடக் கிளம்பினார்கள். மணி போகவில்லை.

"மேடம், நான் ஊருக்குப் போறேன்."

"லீவா?"

"இல்ல. ஒரேயடியா. டிசி வாங்கிட்டு. அப்பாட்ட சொல்லிட்டேன்."

மெஹருன்னிசா மேடத்துக்கு முப்பது வயதுகூட இருக்காது. அவரும் அந்த வருஷம்தான் வேலைக்குச் சேர்ந்திருந்தார். லேப் கோட்டைக் கழற்றப் போனவர் கழற்றாமல் நின்றார்.

"அப்பா என்ன சொன்னார்?"

"உன் இஷ்டம்னாரு. அதுக்கப்புறம் பேசல. போனை வைக்கவும் இல்ல."

"எதுக்குப் போற?"

"எனக்கு வரல மேடம். பள்ளிக்கூடத்துல வந்துச்சு. இங்க வரல. அவனுக்கு மட்டும் எப்பிடி வருது?"

"யாருக்கு?"

மணி பக்கத்து இடத்தைப் பார்த்தான். பெயரைச் சொல்ல வாய் வரவில்லை.

மேடம் ரெண்டு குடுவைகளைக் கழுவினார். ரெண்டிலும் அமிலத்தை அளந்து விட்டார். ஒன்றை மணியின் முன்னால் வைத்தார். இன்னொன்றை எடுத்துக்கொண்டு ஜெரோமின் இடத்தில் போய் நின்றார்.

"எனக்கு முன்னாடி நீ சரியான ரோஸ் கொண்டு வந்துட்டா, போ. நானே ஆபீஸ்ல பேசி டிசி வாங்கித் தரேன்."

"வரலைன்னா?"

"அப்ப பாக்கலாம். இன்டிகேட்டர் போட்டுக்கோ."

மணி ரெண்டு சொட்டு போட்டான். திருகைத் திறந்தான்.

மேடத்தின் கை வேகமான கை. மணி ஓரக்கண்ணால் பார்த்தான். அவர் குடுவை தண்ணீர் மாதிரித்தான் இருந்தது. தன் கையை விரட்டினான். மறுபடி பார்த்தான். அங்கே இன்னும் ஒன்றுமில்லை. இதோ வந்துவிடும் என்று நினைத்தான். வந்துவிடக் கூடாது என்றும் நினைத்தான். அப்போது மேடம் திருகை இறுக்கி, ஒவ்வொரு சொட்டாக விட ஆரம்பித்தார். நிறம் வரப்போகும் நேரத்தில்தான் யாரும் அப்படிச் செய்வார்கள். மணியால் கண்ணை அங்கிருந்து எடுக்கவே முடியவில்லை.

"உன்னோடது" என்றார் மேடம்.

குனிந்து பார்த்தான். பீட்ரூட்.

அவர் குடுவை அப்போதும் தண்ணீராகவே இருந்தது.

"உங்களுக்கும் வரலையே மேடம்."

"எனக்கு சாயங்காலம் வரைக்கும் விட்டாலும் வராது."

"ஏன்?"

"நிறங்காட்டி நான் போடவே இல்ல."

மணிக்குக் காது சூடானது.

"இது ஏமாத்து வேலை மேடம்."

"ஆமா. இவ்வளவு நேரம் என்னையே பாத்தியே, அதை மட்டும் பாக்கலையா?"

மணி திருகை மூடினான்.

வாசலில் யாரோ செருப்பைத் தேய்த்தார்கள். ஜெரோம். பையைத் தோளில் மாட்டியபடி நின்றிருந்தான். இன்னும் சாப்பிடப் போகவில்லை போலிருக்கிறது.

"எவ்வளவு நேரம்டா? இன்னிக்குக் காரக்குழம்பு. தீந்துடும்."

"நீ போ."

"சேர்ந்தே போலாம். வா."

மேடம் பீட்ரூட்டைத் தொட்டியில் கொட்டினார். குடுவையைக் கழுவி, புதிதாக அமிலம் அளந்து, மணியின் முன்னால் வைத்தார். தன்னுடையதைக் காலி செய்து கவிழ்த்து வைத்தார். ஜெரோமின் இடத்தில் இப்போது குடுவை எதுவும் இல்லை.

"இப்ப போட்டி இல்ல. ஒரு தடவை, இதை மட்டும் பாத்துச் செய். அப்புறமும் போகணும்னா போ."

மணி ரெண்டு சொட்டு நிறங்காட்டி விட்டான். திருகைத் திறந்தான். காரம் சொட்டத் தொடங்கியது. முதல் சொட்டு விழுந்த இடத்தில் ரோஸ் மின்னி, ஆட்டியதும் மறைந்தது. அவன் அதைப் பார்த்தான். அடுத்ததையும் பார்த்தான்.

வாசலில் ஜெரோம் போனில் தன் அம்மாவிடம் ஏதோ சொல்லிச் சிரித்தான்.

"குடுவையைப் பாரு, மணி" என்றார் மேடம்.

மணி வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். திருகு திறந்தே இருந்தது.