தாமரையைப் பூட்டப் போனவர்

"டீச்சர், என் தாமரையக் கலைச்சுப் போட்டுட்டாங்க."

வயிரவசுந்தரம் பட்டறை வாசலிலேயே நின்று முறையிட்டார்.

ரெஹானா மரத்துக்கு உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்தாள். குருவுக்குச் சிஷ்யனின் மகள் வயதுதான். ஊர் சிரித்தது. சிஷ்யர் சட்டை செய்யவில்லை. பேருந்து நிலையங்களுக்கு இரும்பு பெஞ்சு செய்து, அதன் கால்களைச் சிமெண்டில் புதைத்தே தலை நரைத்தவர், நகர்த்திப் போடக்கூடிய இருக்கை செய்யக் கற்றுக்கொள்ள அவளிடம் வந்து சேர்ந்திருந்தார்.

கற்ற வித்தையில் முதல் வேலை, ஆஸ்பத்திரியின் காத்திருப்புக் கூடம். பலாச்சுளை வடிவில் இருக்கைகள் செய்தார். தனியாகப் போட்டால் முக்காலி. சேர்த்து வைத்தால் கூடம் நிறைய ஒரு தாமரை. திறப்பு விழாவில் அதைப் பார்த்து எல்லோரும் வாய் பிளந்தார்கள். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

"கலைஞ்சா மறுபடி அடுக்கிக்கலாமே அண்ணே. இப்ப என்ன அவசரம்?"

"நாளைக்குச் சம்பந்தி வர்றாரு. 'சின்னப் பொண்ணுகிட்டப் பாடம் படிச்சு என்னத்தக் கிழிச்சீங்க'ன்னு பந்தியில வச்சுக் கேட்டவரு. அவருக்குத் தாமரையக் காட்டியாகணும். எல்லாத்தையும் தரையோட போல்ட் போட்டுப் பூட்டிடுறேன். நீங்க சரின்னு சொன்னாப் போதும்."

ரெஹானா எழுந்து, துளைபோடும் மெஷினை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"பூட்டுங்க. உக்காந்திருக்கவங்ககிட்ட மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்குங்க."

குரு இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டது அவருக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

*

கூடத்தில் முதலில் கண்ணில் பட்டது, மாவுக்கட்டுப் போட்ட ஒரு கால். ஒரு சுளையில் ஆள், எதிர்ச் சுளையில் கால்.

"இத நடுவுல கொண்டுபோய்ப் பூட்டணும்" என்றார் வயிரவசுந்தரம்.

"காலையும் சேத்தா?" என்றார் கால்காரர்.

அடுத்து இரண்டு பெண்கள். எதிரெதிரே உட்கார்ந்து, நடுவில் ஒரு சுளையைப் போட்டு, டிபன் டப்பாவைத் திறந்திருந்தார்கள். கேட்க வாயெடுத்தவரின் கையில் ஓர் இட்லியை வைத்தார்கள். தின்றுவிட்டு நகர்ந்தார்.

பிள்ளைகள் சுளைகளை வரிசையாக நிறுத்தி ரயில் விட்டுக்கொண்டிருந்தார்கள். கையில் ஊசிப் பிளாஸ்திரி ஒட்டிய பெண்குழந்தைதான் டிரைவர்.

"தாத்தா, ஏறுறீங்களா? வண்டி கெளம்புது."

ஜன்னலோரம் ஒருவன் தனிச் சுளையில் எல்லோருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். தோள் குலுங்கியது. அவர் மெஷினை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு அவனைத் தாண்டிப் போனார்.

கடைசியில் காலியாக ஒன்று அகப்பட்டது. அப்பாடா என்று குனிந்தார். அதன்மேல் ஒரு துண்டு விரித்திருந்தது.

"அண்ணே, அது நம்ம எடம்" என்று அந்தக் கோடியிலிருந்து ஓர் அம்மாள் குரல் கொடுத்தாள். "எம் மக ஸ்கேன் எடுக்கப் போயிருக்கா. மாசமா இருக்கா. வந்ததும் ஃபேனுக்குக் கீழ தள்ளிக்குவோம்."

வயிரவசுந்தரம் நிமிர்ந்து கூடத்தை ஒருமுறை பார்த்தார். அவர் செய்த பெஞ்சுகளில் மனிதர்கள் காலமெல்லாம் ஒரே பக்கம் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தார்கள். இப்படி அவரவர் வசதிக்கு உட்கார்ந்து அவர் பார்த்ததில்லை. அவருக்குப் பெருமையாக இருந்தது. திறப்பு விழாவில் இருந்ததைவிட அதிகமாக.

*

மெஷினைத் திருப்பிக் கொடுத்தார். அதன் நுனியில் தூசிகூட இல்லை.

ரெஹானா அதைப் பார்த்தாள்.

"அப்ப நாளைக்குச் சம்பந்திக்கு என்னத்தக் காட்டுவீங்க?"

"காட்டுறதுக்கு என்ன இருக்கு டீச்சர்? உக்காருங்கன்னு சொல்வேன்" என்றார் வயிரவசுந்தரம். "எடம் கெடைச்சா."