தம்பி வேடம்

இழப்பில்லாமல் நாயகன் இல்லை என்பது நாகலிங்கத்தின் கட்சி. படித்த காப்பியங்களிலிருந்தெல்லாம் அதற்குச் சான்று வைத்திருந்தார். கேட்டால் சொல்வார், கேட்காவிட்டால் விரிவாகச் சொல்வார்.

கதை சொல்லும் கலையில் அவருடைய குரு உமையாள் அம்மை. சீடரைவிட வயதில் இளையவர். அதை நாகலிங்கம் பெருந்தன்மையோடு பொறுத்துக்கொண்டிருந்தார்.

மாசித் திருவிழாவில் தம் முதல் கதையைச் சொல்ல அம்மையின் உத்தரவு வேண்டியிருந்தது. ஒருநாள் காலை அதை அவர் முன் சொல்லிக் காட்டினார். செம்பியன் என்றொரு கோழை. கொள்ளையர் அவன் தம்பியைக் கொல்கிறார்கள். செம்பியன் அழுகிறான், காடு புகுகிறான், வில் பழகுகிறான். திரும்பி வந்து கொள்ளையரை வென்று ஊருக்கே காவலன் ஆகிறான்.

"தம்பி எதற்குச் சாகிறான்?" என்று கேட்டார் அம்மை.

"அவன் செத்தால்தானே அம்மா அண்ணன் எழுவான்? என்னையே பாருங்கள். சின்ன வயதில் என் தம்பி ஆற்றோடு போனான். அதற்குப் பிறகுதான் நான் மனிதனானேன்."

"தம்பி என்ன ஆனார்?"

"அதான் சொன்னேனே."

"உங்களைப் பற்றி அல்லவா சொன்னீர்கள்?"

நாகலிங்கம் துண்டை எடுத்துத் தோளில் சரிசெய்துகொண்டார்.

"சரி, நடித்துப் பார்ப்போம்" என்றார் அம்மை. "வேலப்பன் செம்பியனாக இருக்கட்டும். நீங்கள் தம்பி."

"அவனுக்குப் பேச்சே கிடையாதே."

"எழுதியவர் நீங்கள்தானே?"

கூடப் படிக்கும் வேலப்பன் துண்டை உதறி முற்றத்தில் விரித்தான். "வாங்கண்ணே, வந்து சாகுங்க."

நாகலிங்கம் படுத்துக் கண்ணை மூடினார். வேலப்பன் அவர்மேல் விழுந்து அழுதான். நன்றாகவே அழுதான். பிறகு எழுந்து காட்டுக்குப் போய்விட்டான்.

வெயில் ஏறியது. எறும்பு ஒன்று காதுமடலை ஆராய்ந்தது. கதையில் வில் வந்தது, யானை வந்தது, மணப்பெண்கூட வந்தாள். இப்போதாவது தம்பியின் பெயரைச் சொல்வான் என்று ஒவ்வொரு திருப்பத்திலும் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தார். அப்புறம்தான் உறைத்தது: தம்பிக்குத் தாம் பெயரே வைக்கவில்லை.

செம்பியன் வென்றான். மற்றச் சீடர்கள் கைதட்டினார்கள். நாகலிங்கம் எழுந்து வேட்டியைத் தட்டினார்.

"செம்பியன் எப்படி வளர்ந்துவிட்டான், பார்த்தீர்களா அம்மா?"

"பார்த்தேன். நீங்கள் ஏன் எழுந்தீர்கள்?"

"கதைதான் முடிந்துவிட்டதே."

"முடிந்தால் தம்பி எழுந்துவிடுவாரா?"

வேட்டியைத் தட்டிய கை அப்படியே நின்றது. சிரிக்க வாயெடுத்த வேலப்பன், அவரைப் பார்த்துவிட்டு அடங்கிப்போனான்.

நாகலிங்கம் மெல்ல, விரித்திருந்த துண்டின்மேலேயே உட்கார்ந்தார்.

"பரமு."

"யார்?"

"தம்பி, அம்மா. பரமசிவம். அப்போதுதான் முன்பல் விழுந்திருந்தது. வாயை மூடிக்கொண்டே சிரிப்பான்."

அம்மை தலையசைத்தார்.

"திருவிழாவில் இந்தக் கதையை நான் சொல்ல வேண்டாம்தானே?"

"சொல்லுங்கள்" என்றார் உமையாள் அம்மை. "ஆனால் தம்பியாகப் படுத்துக்கொண்டு சொல்லுங்கள்."