மடியில் கிடந்த புளியங்கொட்டை

கிட்ட வந்து உட்காருங்க. மெதுவாத்தான் சொல்லுவேன்.

மழை பொய்த்த ஊர். ஏரியைத் தூர் வாரினால் கூலியாக நெல் கிடைக்கும். ஆனால் வேலை இல்லாதவர் நூறு பேர் இருந்தால்தான் ஏரி வேலை என்று அரண்மனை சொல்லிவிட்டது. எண்ணும் பொறுப்பு மடத்துக்கு வந்தது.

மடத்துத் தலைவி வெயிலாச்சி அம்மாவின் சீடன் இருளப்பன் வீடு வீடாகப் போனான். பொழுது சாய, இரண்டு பானையோடு வந்து நின்றான். முகமெல்லாம் வேர்வை.

"தலைக்கு ஒரு புளியங்கொட்டை, அம்மா. ஏழு நாளில் ஒரு நாழிகை வேலை செய்திருந்தாலும் முதல் பானை. வேலை இல்லாமல், போய் வேலை கேட்டுப் பார்த்தவன் இரண்டாம் பானை. அரண்மனைக் கணக்கில் அவன்தான் வேலை இல்லாதவன். அதுதான் விதி."

"இரண்டாம் பானையில் எத்தனை?"

"பதினேழு. காலையில் மணியக்காரர் கணக்கை அரண்மனைக்கு அனுப்பிடுவார். கீழத்தெருவில் மூணு நாளா அடுப்பு புகையல அம்மா."

"உன் மடி ஏன் கனக்குது?"

வேட்டி மடியை அவிழ்த்தான். கொட்டைகள் குவிந்தன.

"இவங்க வேலையும் செய்யல, கேக்கவும் இல்லை. விதியில் இவங்களுக்குப் பானை கிடையாது. தூக்கி எறியவும் மனசு வரல."

"ஏன் கேக்கலையாம்?"

"கேட்டுக் கேட்டுக் காலு தேஞ்சதுதான் மிச்சம்னாங்க. எங்க அக்கா கொட்டையும் இதிலதான் கிடக்கு. அள்ளி ரெண்டாம் பானையில் போட்டுடட்டுமா?"

"பொய் வேண்டாம். மணியக்காரர் வீடு எங்கே?"

"மேலத்தெரு. எதுக்கும்மா?"

"போய் உன் அக்காவை எழுப்பு. மத்தவங்களையும்."

விடிந்தது. மணியக்காரர் கதவைத் திறந்தால் வாசலில் வரிசை. முதலில் இருளப்பனின் அக்கா.

"ஐயா, வேலை இருக்குங்களா?"

"இங்க ஏது வேலை? போ, போ."

இருளப்பன் மடியிலிருந்து ஒரு கொட்டையை எடுத்து இரண்டாம் பானையில் போட்டான். டொக்.

அடுத்தவர் கேட்டார். டொக். அடுத்தவர். டொக்.

வரிசை கரைந்தது. பழைய பதினேழோடு சேர்த்துப் பானையில் தொண்ணூற்றொன்பது. அதற்குமேல் ஆள் இல்லை. மற்றவர்களுக்கு எழுந்து நடக்கத் தெம்பில்லை.

மணியக்காரர் சிரித்தார். "ஒண்ணு குறையுதேப்பா."

தெருமுனையில் வெயிலாச்சி அம்மா வந்தாள். தலையில் மண் சுமக்கும் வெறுங்கூடை.

"ஐயா, வேலை இருக்குங்களா?"

"உங்களுக்கா? மடத்தில் இருக்கிறவங்களுக்கு என்னம்மா வேலை?"

"ஏழு நாளா உட்கார்ந்து ஊருக்குப் புத்தி சொன்னேன். அதுக்கு வேலைன்னு யாரும் பேர் வைக்கல. இப்ப வந்து கேக்கிறேன். இல்லைன்னு சொல்லுங்க."



அம்மா கூடையை இறக்கி வைத்தாள். இருளப்பனின் மடியில் கைவிட்டு ஒரு கொட்டையை எடுத்துப் பானையில் போட்டாள்.